கடை மூடிய பின் மூளை எழுதும் கணக்கு



சரக்கு, வரி, விலைவாசி பற்றியே நாம் எப்போதும் பேசிக்கொள்கிறோம். இந்த முறை தூக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

அம்பத்தூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். வயது 64. இரவு 10 மணிக்குப் படுத்தால் அதிகாலை 4 மணிக்கு எழுவது பல வருடப் பழக்கம். படுத்த உடனே குறட்டை. "அப்பாவுக்கு நல்ல தூக்கம்" என்று வீட்டில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் பகல் 11 மணிக்கே கல்லாவில் உட்கார்ந்தபடி கண் சொக்கும். 25 மூட்டை துவரம் பருப்புக்கு 15 மூட்டை என்று பில் போட்டு அனுப்பினேன். வாங்கியவர் நேர்மையானவர், அவரே போன் செய்து சொன்னார். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் கோயம்பேட்டிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது, பாடி அருகே கண் அசந்து சாலைத் தடுப்பில் உரசி விழுந்தேன். பின்னால் லாரி வராதது கடவுள் செயல்.

"மாமா, உங்கள் குறட்டை நடுவில் நின்றுபோகிறது. கொஞ்ச நேரம் மூச்சே இல்லை. பிறகு திணறித் திணறி மூச்சு வாங்குகிறீர்கள்" என்று என் மருமகள் சொல்லி, விடாப்பிடியாக மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

ஓர் இரவு தலையிலும் மார்பிலும் கம்பிகளை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். மூளை அலைகள், மூச்சு, ரத்தத்தில் பிராணவாயு எல்லாம் பதிவாயின. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைக்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 30க்கு மேல் போனால் கடுமையான நோய். எனக்கு 42. ஆறு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 252 தடவை! பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் மூளை சில விநாடி விழித்துத்தான் மூச்சைத் திறந்துவிடுகிறது. தூங்குகிறவனுக்கு அது தெரிவதே இல்லை.

இதனால் என்ன நஷ்டம்? நம் தொழிலை வைத்தே சொல்கிறேன். கடை மூடிய பிறகு கணக்குப்பிள்ளை அன்றைய சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுகிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் ஷட்டரைத் தட்டினால் ஏற்ற முடியுமா? மூளையும் அப்படித்தான். பெரிய, மெதுவான அலைகள் எழும் ஆழ்ந்த தூக்கத்திலும், அதன் பின் வரும் கனவுத் தூக்கத்திலும்தான் பகலில் கண்டதையும் கேட்டதையும் நினைவில் பதிய வைக்கிறது. என் பதிவில் அந்த இரண்டும் மிகக் குறைவு. மேலோட்டமான தூக்கமே இரவு முழுவதும்.

இதற்குச் சி-பாப் என்ற கருவி தந்தார்கள். மூக்கில் மாட்டும் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தி, மூச்சு வழி மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை வைத்து இதை ஆரம்பித்தார். 1981ல் உலகுக்கு அறிவித்தார்.

கருவி மாட்டிய முதல் சில இரவுகளில் மூளை பழைய பாக்கியை வசூலிப்பதுபோல் ஆழ்ந்த தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் வழக்கத்தைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும் என்றார் மருத்துவர். அது உண்மை. பல வருடங்களுக்குப் பிறகு எனக்குக் கனவு வந்தது. பழைய கடையில் என் தகப்பனார் தராசு பிடித்து நிற்கிறார். காலையில் எழுந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்ட முடிவு இன்னும் நம்பிக்கை தருகிறது. இந்நோயால் மூளை நரம்பு இழைகளில் ஏற்பட்டிருந்த பாதிப்பு, ஒரு வருடம் ஒழுங்காகக் கருவி மாட்டியவர்களுக்குப் பெரும்பாலும் சரியானது.

ஆனால் இது நோயை வேரோடு அறுப்பதில்லை. மாட்டினால்தான் பலன். தீபாவளி வியாபார நெருக்கடியில் பத்து நாள் கருவியை பீரோவில் வைத்தேன். கல்லாவில் மறுபடி கண் சொக்கியது. அதற்குப் பிறகு ஒரு நாளும் விட்டதில்லை. முதல் இரண்டு வாரம் முகமூடி தொந்தரவுதான், பழகிவிடும்.

குறட்டையைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் 69 வயதில் காலமானபோது, இந்தத் தூக்க மூச்சுத் தடையையே மருத்துவர்கள் காரணமாகச் சொன்னார்கள். தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ராத்திரி வெகு நேரம் கழித்துச் சாப்பாடு என்று நம் வியாபாரிகளிடம் எல்லாமே இருக்கிறது. குறட்டை நடுவில் நிற்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். பகலில் தூக்கம் தள்ளுகிறதென்றால் நுரையீரல் மருத்துவரையோ, காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் தொண்டையை இன்னும் தளரச் செய்யும், தொடாதீர்கள். எடையைக் குறையுங்கள்.

கருவிக்குச் சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்க யோசிக்காத நாம், இதற்கும் யோசிக்க வேண்டியதில்லை. இன்று என் பில்லில் பிழை இல்லை. ஸ்கூட்டரிலும் பயமில்லாமல் போய்வருகிறேன்.