ரயர் காற்று: டீலர் ஒன்று சொல்ல, கதவு இன்னொன்று சொன்னால்

வெக்ஸ்போர்ட்டில் பழைய கார் வாங்கிய ஒருவர் மாசி மாதத்தில் கேட்டார்: "கதவிலை 33 எண்டு கிடக்கு. டீலர் 40 அடிச்சு, அதுதான் சரி எண்டு நிக்கிறார். வாய்காட்டினால் கேசுக்குப் பிரச்சினை வருமோ?"

வராது. டீலரோடு கதைப்பதற்கும் உங்கள் அகதிக் கோரிக்கைக்கும் தொடர்பே இல்லை. பயப்படாமல் கேளுங்கோ.

சாரதிக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிட்டையில் இருப்பதுதான் கார்க் கம்பனி சொல்லும் அளவு. அது காருக்குக் கார் வேறுபடும். ரயரில் பொறித்திருப்பது உச்ச அளவு. பலர் இதைத்தான் மாறி வாசிக்கினம். காற்றுக் கூடினால் ரயரின் நடுப்பகுதி தேயும். குறைந்தால் ஓரங்கள் தேயும், ரயர் சூடேறும், அது ஆபத்து. (ஃபோர்ட் எக்ஸ்புளோரர் ரயருக்கு 2000இல் ஃபோர்ட் 26 என்றது, ஃபயர்ஸ்டோன் 30 என்றது. பெரிய கம்பனிகளே பிடுங்குப்பட்ட விசயம் இது.)

ஆனால் டீலரிலும் ஞாயம் இருக்கலாம். சிட்டையில் உள்ளது ஆறிய ரயருக்கான அளவு. வெப்பநிலை 5, 6 பாகை இறங்க ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். 20 பாகைக் கராஜில் அடித்த 40, வெளியே மைனஸ் 15இல் 34 ஆகிவிடும்! ஆகவே இரவு முழுக்க வெளியே நிண்ட காரை, விடிய ஓட முந்தி, நீங்களே அளந்து பாருங்கோ. அப்பவும் 40 காட்டினால் திரும்பிப் போய், "பிளீஸ் செற் இற் ரு த டோர் ஸ்ரிக்கர்" என்று சொல்லுங்கோ. வைத்த அளவைப் பில்லில் எழுதியும் வாங்குங்கோ.