இருட்டில் மூன்று மீட்டர்

ஓமலூர் சாலையில் மாமாங்கத்தைத் தாண்டும்போது தெரிகிற வெளிறிய கரடுகள் சேலத்துக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. அங்கே வெட்டி எடுப்பது மேக்னசைட். ஊரார் வாயில் வெள்ளைக்கல். பெரும்பகுதி உருக்கு உலைகளுக்கான வெப்பம் தாங்கும் செங்கல்லுக்குப் போகிறது. அந்தக் கல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம்தான் ஒரு காலத்தில் போட்டோகிராபர்கள் கையோடு எடுத்துப்போன வெளிச்சம். 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கேடிக்கேயும் மெக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து கொளுத்தினார்கள். செய்தி எட்டியதும் நியூயார்க்கில் செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் அந்தப் பொடியோடு ஏழைகளின் இருட்டுக் குடியிருப்புகளுக்குள் நுழைந்து, எவரும் பார்க்க விரும்பாததைப் படமெடுத்தார். இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தனக்கும் தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

பொடி பல்பானது, பல்பு மின்னணு பிளாஷ் ஆனது. 1975இல் வந்த கோனிகா சி35 ஈஎஃப், அந்த பிளாஷைக் கேமராவுக்குள்ளேயே பொருத்திப் பரவலாக விற்றது. நம் பக்கம் எண்பதுகளில் ஹாட் ஷாட், தொண்ணூறுகளில் கோடக் கேபி10. காதுகுத்து, சீர், வளைகாப்பு என்று வீட்டு ஆல்பங்களில் இருக்கும் படங்களை நினைத்துப் பாருங்கள். முகம் மாவு பூசியது போல் வெளுத்திருக்கும். பின்னால் மண்டபமே இருக்காது, கறுப்புதான். கண்மணி சிவப்பாக மின்னும். லென்ஸை ஒட்டியே பிளாஷ் இருப்பதால், இருட்டில் விரிந்திருக்கும் கண்மணி வழியே வெளிச்சம் உள்ளே போய், விழித்திரையின் ரத்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்புகிறது. அவ்வளவுதான்.

பிளாஷே மோசம், நல்ல போட்டோகிராபர் அதைத் தொடமாட்டார் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் கைக்கு எட்டாததை அதனிடம் கேட்கிறோம் என்பதுதான் சிக்கல்.

கணக்கு எளிது. பாப்-அப் பிளாஷ்களில் பலவற்றின் கைடு நம்பர் ஐஎஸ்ஓ 100க்கு 12 மீட்டர் அளவில் இருக்கும். சிலவற்றில் இன்னும் குறைவு. லென்ஸை எஃப் 4இல் வைத்தால் பன்னிரண்டை நான்கால் வகுக்க, பிளாஷ் எட்டும் தூரம் வரும்: மூன்று மீட்டர். அதற்கு மேல் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்: மூன்று மீட்டரில் நிற்பவருக்குச் சரியாக விழுந்தது, ஆறு மீட்டரில் நிற்பவருக்குக் கால்பங்கு, பன்னிரண்டில் பதினாறில் ஒரு பங்கு. மண்டபம் கறுத்துப்போன காரணம் இதுதான்.

இப்போது மேச்சேரி, எடப்பாடிப் பக்கம் ஒரு கோயில் நோம்பிக்குப் போவோம். ராத்திரி கூத்து, விடிய விடியக் கர்ண மோட்சம். பந்தமும் பெட்ரோமாக்ஸும் போய், இன்று மூங்கிலில் கட்டிய போகஸ் லைட்டும் டியூப் லைட்டும். நாற்பதடி தள்ளி உட்கார்ந்து பிளாஷ் அடித்தால் என்ன வரும்? முன்வரிசையில் இருப்பவர்களின் பிடரி பளிச்சென்று வரும், கர்ணன் மங்கலாக நிற்பார். செல்போனில் எரிகிற சின்ன எல்இடிக்கு அந்தத் தூரம் பேச்சுக்கே இடமில்லை. அப்படியே எட்டினாலும் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் வெளிச்சத்தை நேரே லென்ஸுக்குத் திருப்பி அனுப்பும்.

கிட்டே போக அனுமதி கிடைத்தால் கதை வேறு. ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுங்கள்; ஷட்டரை 1/15 நொடிக்கு இறக்குங்கள்; பிளாஷை ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள். மெதுவான ஷட்டர் களத்தின் வெளிச்சத்தை உள்ளே விடும். பிளாஷ் எரிவதோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அந்தக் கணத்தில் முகம் உறைந்து நிற்கும். வேடக்காரர் சுழன்று ஆடும்போது உடுப்பின் ஓரம் மட்டும் இழுபடும். ஷட்டர் மூடப்போகும் கணத்தில் பிளாஷ் எரியும் ரியர் கர்ட்டன் வசதி இருந்தால் அந்த இழுப்பு ஆளுக்குப் பின்னால் விழும். இல்லையென்றால் முன்னால் நீண்டு, ஆள் பின்பக்கமாக ஓடுவது மாதிரி இருக்கும். பிளாஷின் நிறம் பகல் வெயிலை ஒட்டியது, பழைய ஆலசன் போகஸ் லைட்டோ மஞ்சள். பிளாஷ் மேல் வெளிர் ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பர் ஒரு துண்டு ஒட்டினால் இரண்டும் ஒத்துப்போகும். லென்ஸ் ஹுட்டைக் கழற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழும். ஒரு வேண்டுகோள்: கலைஞர் அடவு போட்டு இறங்கும்போது முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். இரண்டு மூன்று நொடி அவருக்குத் தரை தெரியாது.

தோல்பாவைக் கூத்தில் எந்தச் சமரசமும் செல்லாது. அங்கே விளக்கு திரைக்குப் பின்னால் இருக்கிறது. தோலின் வழியே ஊடுருவி வருவதுதான் நிறம். முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால் படத்தில் மிஞ்சுவது வெறும் வேட்டித் துணி.

கல்லுக்கும் நேர் வெளிச்சம் ஆகாது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் சிற்றரசர்களான கெட்டி முதலிகள் காலத்துத் தூண்களில் வாலி வதம் புகழ்பெற்றது: ராமர் இருக்கும் இடத்திலிருந்து வாலியைப் பார்க்கலாம், வாலியிடமிருந்து ராமரைப் பார்க்க முடியாது என்று ஊரில் காட்டுவார்கள். பாப்-அப் பிளாஷும் அப்படி ஒளிந்து நிற்கிற ஆள்தான். லென்ஸ் பார்க்கும் திசையிலேயே அதுவும் பார்ப்பதால், அது உண்டாக்கும் நிழல்கள் சிலைக்குப் பின்னால் ஒளிந்துவிடும். நிழல் இல்லையென்றால் செதுக்கின் ஆழமும் இல்லை. நாமக்கல் மலையைக் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகளின் புடைப்புச் சிற்பங்களுக்கும் பக்கவாட்டு வெளிச்சமே வேண்டும். இதெல்லாம் அனுமதி கிடைத்தவர்களுக்கு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது.

நாமக்கல்லில் பிளாஷை மடக்கிவைத்தே ஆகவேண்டிய இன்னொரு இடம் கோழிக் கொட்டகை. தரையில் வளரும் கறிக்கோழிகள் இருட்டில் திடீர் வெளிச்சத்துக்கு மிரண்டு ஒரே மூலைக்கு ஓடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் உள்ளவை மூச்சுமுட்டிச் சாகும். பண்ணைக்காரர் வாசலிலேயே பிளாஷ் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். தூங்கும் கோழி அசையாது. எரிகிற பல்பு வெளிச்சமே போதும்: கேமராவைத் தூணில் சாய்த்து, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/8இல் ஆரம்பித்துப் பாருங்கள்.