மறுக்கும் மாணவனும் மனநலச் சிகிச்சையும்

"சார், கண் பரிசோதனைன்னு சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நீங்க கூப்பிட்டா வருவான்." என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை இப்படிக் கேட்டார். பல நாட்களாக அவனுக்கு உறக்கம் இல்லை; வகுப்பில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். மனநல மருத்துவர் என்றாலே, "நான் என்ன பைத்தியமா?" என்று சீறினான். பொய் சொல்லித்தான் அழைத்துப் போனேன். உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். தேறி வந்தான். என்னிடம் மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டான்.

அதன் பிறகே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்தேன். தன் சிகிச்சை குறித்துத் தானே முடிவெடுக்க இயலாத ஒருவர், தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையிலோ, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையிலோ இருந்தால் மட்டுமே விருப்பமின்றிச் சேர்க்கலாம். மனநல மருத்துவரும் மற்றொரு வல்லுநரும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். முதல் அனுமதி 30 நாட்கள் வரைதான். சங்கிலியால் பிணைப்பதற்கு முழுத் தடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களையும் குணமாக வேண்டும் என்றுதானே உறவினர்கள் அங்கே விட்டிருப்பார்கள்?

18 வயதுக்கு உட்பட்டவருக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். ஆனால் பிள்ளையின் விருப்பத்தை அறிய முடிந்தால் அதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 87ஆம் பிரிவு. பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் அமர்த்தியவரோ உடன் தங்க வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "உண்மையச் சொல்லியிருந்தா வந்திருப்பேனான்னு தெரியல சார். ஆனா கேட்டிருக்கலாம்" என்றான்.

கட்டாயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மறுப்பே நோயின் விளைவாக இருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருப்பது தவறு. ஆனால் பல பிள்ளைகள் மறுப்பது வெட்கத்தால். 'மென்டல்' என்று வகுப்பில் நாமே எத்தனை முறை திட்டியிருக்கிறோம்!

இப்போதெல்லாம் எங்கே போகிறோம், யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் யாருக்கும் தெரியாது என்று உறுதி தருகிறேன். சம்மதிக்கச் சில நாள் ஆகிறது. அதற்கிடையே 14416 என்ற டெலி மனஸ் எண்ணை அழைத்து, எப்படிப் பேசுவது என்று நானே ஆலோசனை கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.