சட்டம் ஒரு கோப்பில், தகடு ஒரு கோப்பில்

அடுத்த முறை சாலையோரக் கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருக்கும்போது, கடைக்காரர் மாவு வீசுவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு அந்த வண்டியின் கீழே குனிந்து பாருங்கள். அங்கே இரண்டு சாதிப் பொருள்கள் இருக்கும். ஒன்று, கால்களாகவும் குறுக்குச் சட்டங்களாகவும் நிற்கும் சதுரக் குழாய்கள். மற்றொன்று, அவற்றின் மேலும் இடையிலும் மடிந்து உட்கார்ந்திருக்கும் எவர்சில்வர் தகடுகள். பார்ப்பதற்கு ஒரே வண்டிதான். ஆனால் குழாய் வந்த வழி வேறு, தகடு வந்த வழி வேறு.

குழாய் 6 மீட்டர் நீளத்தில் லாரியில் வந்து, ரம்பத்திலோ லேசரிலோ துண்டாகிறது. தகடு நாலுக்கு எட்டு அடி அளவில் வந்து, லேசரில் வெட்டுப்பட்டு, மடிக்கும் எந்திரத்தில் மடிகிறது. பல பட்டறைகளில் குழாயை வெட்டுவது நம் ஆள். தகட்டை வெட்டி மடிப்பது வெளியே ஒரு லேசர் கடை. இரண்டும் முதன்முதலில் சந்திப்பது வெல்டரின் மேசையில்தான். அங்கே சேரவில்லை என்றால், அதுவரை செய்த வேலை அத்தனையும் கேள்விக்குறி.

எனக்கு அந்தக் கேள்விக்குறி ஒருமுறை நேர்ந்தது. பூச்சோங் பக்கம் ஒரு பட்டறையில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். நோன்பு மாதச் சந்தைக்காக எட்டு வண்டிகள் கேட்டிருந்தார்கள். நோன்பு தொடங்கும் முதல் நாள் வண்டி சந்தையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள் தாமதமானாலும் பயனில்லை. கணினியில் சட்டத்தை நான் வரைந்தேன். தகடுகளைப் பாலிடெக்னிக் முடித்து அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு தம்பி வரைந்தார். அவர் கோப்பு தனி, என் கோப்பு தனி.

சட்டத்தின் வெளி நீளம் 1200 மில்லிமீட்டர். குழாய் 40க்கு 40. இரு பக்கமும் 40 போனால் உள்ளே 1120. அதற்குள் அடுப்பு வைக்கும் தட்டு உட்கார வேண்டும். "அண்ணே, உள்ளளவு எவ்வளவு?" என்று தம்பி கேட்டார். "1120" என்றேன். பக்கத்துக்கு ஒரு மில்லி இடைவெளி விட்டுத் தட்டை 1118 என்று போட்டார். முன்பக்கத் தகடு கால் குழாய்களின் நடுக்கோட்டில் போல்ட்டில் மாட்டுவது. ஆகவே துளைக்குத் துளை 1160. எல்லாம் சரியான கணக்கு.

இரண்டு நாள் கழித்து இரும்புக் கடையிலிருந்து அழைப்பு. 40 இல்லையாம். "ஒன்றரை அங்குலம் இருக்கு, போலேயா?" முதலாளி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஒன்றரை அங்குலம் என்றால் 38.1 மில்லிமீட்டர். என் கோப்பில் குழாயின் அளவை மாற்றினேன். ஒரு நொடியில் எல்லாக் குழாய்களும் மெலிந்தன, வெட்டும் பட்டியலும் தானாகத் திருந்தியது. எனக்குப் பெருமைதான். தம்பியின் கோப்பில் எதுவும் நடக்கவில்லை. அவர் தட்டச்சு செய்த 1118, 1160 என்ற எண்கள் அப்படியே இருந்தன. அவரிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டுச் சட்டங்கள் தயாராகி, லேசர் கடையிலிருந்து எட்டு செட் தகடுகள் வந்தன. வெல்டர் அண்ணன் முதல் தட்டை உள்ளே வைத்துவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வந்து பாரு. தட்டு ஊஞ்சல் ஆடுது."

உள்ளளவு இப்போது 1123.8. தட்டோ 1118. பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் இடைவெளி. தகட்டின் தடிமன் 1.2. அந்த மெல்லிய தகட்டோடு அவ்வளவு பெரிய இடைவெளியை ஆர்கன் வெல்டிங்கில் அடைக்கப் போனால், தகடு உருகி ஓட்டை விழும். எப்படியோ அடைத்தாலும் எண்ணெயும் மாவும் சேரும் மேடு பள்ளம் மிஞ்சும். முன்பக்கத் தகட்டின் கதையும் அதேதான். குழாயின் நடுக்கோடுகள் 1161.9க்கு விலகிவிட்டன. 6 மில்லி போல்ட்டுக்கு 7 மில்லி துளை. இரு முனையும் சேர்த்து ஒரு மில்லிதான் விட்டுக்கொடுக்கும். நமக்குத் தேவை 1.9.

எட்டுத் தட்டுகளையும் புதிதாக வெட்ட வேண்டியதாயிற்று. முன்தகடுகளின் துளைகளை இரவெல்லாம் அரத்தால் நீள்வட்டமாக்கினோம். வண்டிகள் நேரத்துக்குப் போய்விட்டன. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. வீணான தட்டுகளில் ஒன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்து, "பேனா போட்டு வச்சுக்க" என்றார். ஒரு மீட்டருக்கு மேல் நீளமான பேனாத் தட்டு!

குழாயையும் தகட்டையும் ஒரே கோப்பில் சேர்த்து வரைவது என்றால் என்ன என்று நான் தேடிப் போனது அதற்குப் பிறகுதான்.

வழி எளிது. முதலில் வெறும் கோடுகளால் வண்டியின் எலும்புக்கூட்டை முப்பரிமாணத்தில் வரைகிறோம். அந்தக் கோடுகளின் மேல் குழாய்களை ஏற்றுகிறோம். சாலிட்வொர்க்ஸில் இதை 'வெல்ட்மென்ட்' என்பார்கள். இன்வென்டரில் 'ஃபிரேம் ஜெனரேட்டர்'. அடுத்து தகடு. இங்கேதான் விஷயம் இருக்கிறது. தட்டின் அளவை எண்ணாகத் தட்டச்சு செய்வதில்லை. "இந்தக் குழாயின் உள்முகத்திலிருந்து ஒரு மில்லி தள்ளி" என்று குழாயையே தொட்டுக் காட்டுகிறோம். துளையை "இந்தக் குழாயின் நடுவில்" என்கிறோம். பிறகு 40ஐ 38.1 ஆக மாற்றினால் தட்டு தானாக 1121.8 ஆகிறது, துளை 1161.9க்கு நகர்கிறது. யாரும் யாரிடமும் சொல்ல மறக்க வழியில்லை.

ஒரே கோப்பு என்றாலும் மென்பொருள் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. குழாய்க்கு அதற்குத் தேவை நீளமும் முனை வெட்டும் கோணமும். தகட்டுக்குத் தடிமன், மடிப்பின் உள் ஆரம், அப்புறம் 'கே ஃபாக்டர்' என்ற ஓர் எண். புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த மூன்றாவது எண்ணைக் கவனிக்காமல், மென்பொருள் தந்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ரப்பர் சிலிப்பர் ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் சுருங்கும். நடுவில் எங்கோ ஓர் அடுக்கு இழுபடாமல், சுருங்காமல் இருக்கும். தகட்டிலும் அப்படியே. அந்த அடுக்கு உள்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தூரத்தில் இருக்கிறது என்பதே கே ஃபாக்டர். பெரும்பாலும் 0.33க்கும் 0.5க்கும் இடையில் இருக்கும். மடிப்பதற்கு முன் தட்டையான தகட்டை எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2 மில்லித் தகடு, உள் ஆரம் 2, வெளியளவில் 50க்கு 50 என்று ஒரு 'எல்' வடிவம். கே 0.44 என்றால் வெட்ட வேண்டிய நீளம் 96.52. கே 0.33 என்றால் 96.18. ஒரு மடிப்புக்கு மூன்றில் ஒரு மில்லிதான் வேறுபாடு. ஆனால் ஒரே தகட்டில் நான்கு மடிப்பு இருந்தால் கிட்டத்தட்ட 1.4 மில்லி ஆகிவிடும். பக்கத்துக்கு ஒரு மில்லி இடைவெளி விட்டிருந்தோமே, அது எங்கே போகும்?

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மடிப்பின் உள் ஆரத்தை நாம் வரைபடத்தில் என்ன எழுதினாலும், பெரும்பாலான கடைகளில் அதைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் 'வி' அச்சின் அகலம்தான். சாதாரண இரும்புத் தகட்டில் ஆரம் அந்த அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வரும். எவர்சில்வரில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே வரைவதற்கு முன் மடிப்பவரிடம் பேசுவதே உத்தமம். 100 மில்லி நீளத் துண்டு ஒன்றை அவரிடம் கொடுத்து 90 பாகையில் மடிக்கச் சொல்லுங்கள். இரு பக்கங்களையும் வெளியே அளந்து கூட்டுங்கள். 103.4 வந்தால், அந்தத் தகட்டுக்கு, அந்த அச்சில், ஒரு மடிப்புக்குக் கழிக்க வேண்டியது 3.4. பத்து நிமிட வேலை. எந்தப் புத்தகத்து அட்டவணையைவிடவும் இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

குழாயும் சாது இல்லை. கணினியில் அதன் மூலையைக் கூராக வரைந்துவிடலாம். கையில் வரும் குழாயின் மூலை உருண்டிருக்கும். குளிர்நிலையில் உருவாக்கும் இரும்புச் சதுரக் குழாய்களுக்கான ஐரோப்பியத் தரநிலை, மெல்லிய குழாய்களின் வெளிமூலை ஆரம் தடிமனில் 1.6 முதல் 2.4 மடங்குவரை இருக்கலாம் என்கிறது. பக்க அளவிலும் அரை மில்லி கூடக் குறைய அனுமதி உண்டு. குழாயின் மேல் தகட்டை மடித்துப் போர்த்தும்போது, தகட்டின் உள் ஆரம் குழாய் மூலையின் ஆரத்தைவிடப் பெரியதாக இருந்தால் தகடு படியாது. மூலையில் முட்டிக்கொண்டு தூக்கி நிற்கும். இரண்டையும் தனித்தனித் திரையில் பார்க்கும்வரை இது கண்ணில் படாது. ஒரே படத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உடனே தெரியும்.

வெல்டிங் சூடு வேறு. எவர்சில்வர் சாதாரண இரும்பைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிகிறது. சூட்டைக் கடத்துவதிலோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். சூடு ஓரிடத்திலேயே தங்கி, சட்டத்தை இழுத்துக் கோணலாக்கும். இதற்குக் கணினியில் மருந்து இல்லை. அதனால் இப்போதெல்லாம் ஒரு துளையை மட்டும் வட்டமாகவும், மற்றவற்றை நீள்வட்டமாகவும் ஆரம்பத்திலேயே வரைந்துவிடுகிறேன். இரவில் அரம் பிடிப்பதற்குப் பதில் லேசர் அதைச் செய்யட்டும்.

சேர்த்து வரைவதில் எனக்கு மிகவும் பிடித்தது பல்லும் பள்ளமும். தகட்டின் ஓரத்தில் சிறு பற்கள். குழாயில் அவற்றுக்கு நேரே, தகட்டின் தடிமனைவிடச் சற்று அகலமான பிளவுகள். குழாய் வெட்டும் லேசர் இவற்றைச் சுத்தமாக வெட்டித் தருகிறது. வெல்டர் டேப் பிடித்து அளக்க வேண்டாம்; பல்லைப் பள்ளத்தில் செருகினால் தகடு தன் இடத்தில் போய் நிற்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. வெளியே மழையில் நிற்கும் கைப்பிடிகள், டிரெய்லர் சட்டங்கள் போன்றவற்றை இரும்பில் செய்து துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தொட்டியின் சூடு ஏறக்குறைய 450 பாகை. குழாயினுள் ஈரம் அடைபட்டிருந்தால் அது நீராவியாகி வெடிக்கும். அதற்காகவே குழாய்களில் காற்றுத் துளை போடுகிறோம். சட்டம் வரைந்தவர் முறையாகத் துளை போட்டிருப்பார். தகடு வரைந்தவர் அது தெரியாமல் அதன் மேலேயே ஒரு தகட்டை வைத்து மூடியிருப்பார். இருவர் படமும் தனித்தனியே பார்த்தால் பிழையற்றவை.

இவ்வளவு சொன்னதால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பிணைத்துவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிணைப்பு இருபக்கமும் வெட்டும். தகடு ஏற்கெனவே லேசர் கடைக்குப் போன பிறகு யாராவது குழாயைத் தொட்டால், கோப்பில் தகடு சத்தமில்லாமல் மாறிவிடும். கடையில் வெட்டுப்படுவதோ பழையது. வெட்டக் கொடுத்த நாளில் கோப்பைப் பூட்டி, அதற்கு ஓர் எண் கொடுத்து வைக்க வேண்டும். ஒரே தட்டைப் பத்து வகை வண்டிக்குப் பயன்படுத்துவதாக இருந்தால், அதை எந்த ஒரு சட்டத்தோடும் கட்டக்கூடாது. தட்டைத் தனியே வைத்து, சட்டங்களை அதற்கு ஏற்ப வரைவதே நல்லது.

மென்பொருள் விலையைக் கேட்டுத் தயங்கும் சிறு பட்டறைக்காரர்களை நான் அறிவேன். நியாயமான தயக்கம்தான். காசில்லாமல் கிடைக்கும் ஃப்ரீகேட் நவம்பர் 2024இல் 1.0 பதிப்பைத் தொட்டது. தகடு மடிப்புக்கு அதில் கூடுதல் தொகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய மென்பொருள்களின் சொகுசு அதில் இருக்காது. ஆனால் எட்டு வண்டிக்கு அது போதும். இயந்திரப் பிரிவில் திவெட் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், விடுமுறையில் உட்கார்ந்து பழகச் சொல்லலாம். கையோடு ஒரு மடிப்புக் கடையிலும் ஒரு வாரம் நிற்கச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இப்போது ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறார். போன மாதம் ஓர் இரவுச் சந்தையில் பழைய வண்டி ஒன்றைப் பார்த்தேன். முன்தகட்டின் போல்ட்டைச் சுற்றிப் பார்த்தால் துளை நீள்வட்டம். ஓரத்தில் அரத்தின் கீறல்கூட அப்படியே இருந்தது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "அது நீங்க போட்டது அண்ணே, என்னோடது இதைவிட நேரா இருக்கும்" என்று பதில் வந்தது. நான் குனிந்து படம் எடுப்பதைப் பார்த்த கடைக்காரப் பெண்மணி, கேஸ் எங்காவது கசிகிறதா என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்.