ஆலை இருந்த நிலம்: 'சுத்தம் செய்தாகிவிட்டது' என்றால் போதுமா?

தோல் தொழிற்சாலை, பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை, பெட்ரோல் பங்க் போன்றவை மூடப்பட்டபின் அந்த மனையிலுள்ள கழிவு மண்ணை வெட்டி அகற்றி, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்புவது வழக்கம். பின்னர் அந்த நிலம் குறைந்த விலைக்கோ குத்தகைக்கோ சிறு விவசாயிகளிடம் வருவதுண்டு. 'சுத்தம் செய்த இடம்' என்று சொல்லப்பட்டால், எந்த உபயோகத்துக்குச் சுத்தம் என்று முதலில் கேட்க வேண்டும்.

உபயோகத்துக்கு ஏற்ற அளவு

மண்ணில் கலந்த நச்சுப்பொருளை முழுவதும் அகற்றுவது கடினம். எனவே ஓர் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே வந்ததும் வேலையை முடித்துவிடுகிறார்கள். அந்த அளவு இடத்தின் உபயோகத்தைப் பொறுத்து மாறும். உதாரணமாக, கனடா நாட்டின் வழிகாட்டி அளவுகளின்படி ஒரு கிலோ மண்ணில் ஈயம் விளைநிலத்தில் 70 மில்லிகிராம், குடியிருப்பில் 140, வணிக இடத்தில் 260, தொழிற்சாலையில் 600 வரை இருக்கலாம். ஆகவே 500 மில்லிகிராம் ஈயம் உள்ள மண் அங்கே தொழிற்சாலைக்குத் தகுதியானது. கீரைப் பாத்திக்கோ அது ஏழு மடங்கு அதிகம்.

கொடைக்கானலில் 2001-ம் ஆண்டு மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் மண்ணைச் சுத்தம் செய்ய, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்று இலக்கு வைக்கப்பட்டது. அது போதாது என்று ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் நீண்ட காலம் வாதாடினர். கனடாவில் விளைநிலத்துக்கான பாதரச அளவு 6.6 மில்லிகிராம்.

சாதாரண மண் பரிசோதனை காட்டாது

உரப் பரிந்துரைக்காகச் செய்யப்படும் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு நிலை, தழை, மணி, சாம்பல் சத்துக்கள் ஆகியவையே தெரியும். ஈயமோ குரோமியமோ தெரியாது. அங்கே முன்பு என்ன தொழில் நடந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடமும் பழைய தொழிலாளரிடமும் விசாரித்து, அதற்கேற்ற பரிசோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும். தோல் பதனிட்ட இடமானால் குரோமியமும் உப்பும், பேட்டரி உடைத்த இடமானால் ஈயம், பெட்ரோல் பங்க் இருந்த இடமானால் எண்ணெய்ப் பொருள்களும் ஈயமும் பார்க்கப்பட வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை

உரப் பரிசோதனைக்குப் பல இடங்களில் மண் எடுத்து ஒன்றாகக் கலப்பது சரியான முறை. நச்சுப்பொருளைத் தேடும்போது அதுவே ஏமாற்றிவிடும். ஓரிடத்தில் 400 மில்லிகிராம் ஈயமும், மற்ற ஒன்பது இடங்களில் 20 மில்லிகிராமும் இருப்பதாகக் கொள்வோம். பத்தையும் கலந்தால் சராசரி 58 தான் வரும். அது 70-க்குக் கீழே இருப்பதால் நிலம் தேறிவிட்டதுபோல் தோன்றும். தொட்டி, வடிகால், கழிவு கொட்டிய மூலை ஆகிய இடங்களில் எடுத்த மண்ணைக் கலக்காமல் தனித்தனியே அனுப்ப வேண்டும்.

குழி இன்னும் நிரப்பப்படவில்லை என்றால் அதன் அடியிலும் நான்கு பக்கச் சுவர்களிலும் மாதிரி எடுப்பது மிக நல்லது. மிஞ்சிய கழிவு அங்கேதான் இருக்கும். நிரப்பப்பட்டிருந்தால் புதுமண்ணைத் தாண்டிப் பழைய மண் வரை தோண்டி எடுக்க வேண்டும். மேலாக எடுத்தால் வெளியிலிருந்து வந்த மண்ணைப் பற்றித்தான் தெரியும்.

கழிவு போய்ச் சேராத, மேட்டுப்பாங்கான பக்கத்து நிலத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சில உலோகங்கள் இயற்கையாகவே மண்ணில் உண்டு. எவர்சில்வர் கரண்டியும் பிளாஸ்டிக் வாளியும் போதுமானவை. துருப்பிடித்த கருவியும் துத்தநாகம் பூசிய வாளியும் வேண்டாம். எண்ணெய்ச் சோதனைக்கான மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் நிரம்ப அடைத்து, பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்ப வேண்டும்.

கிணற்று நீரும் முக்கியம். ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒட்டிக்கொள்ளும். குரோமியத்தில் ஆறு இணைதிறன் கொண்ட வகை நீரோடு இறங்கிவிடும். அதுவே அதிக நச்சுள்ளது. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

அறிக்கையைப் படிக்கும்போது

'கண்டறியப்படவில்லை' என்றால் அறவே இல்லை என்று பொருளல்ல. கருவியால் காணக்கூடிய அளவுக்குக் கீழே உள்ளது என்பதே பொருள். விளைநிலத்தில் அந்த ஆபத்தான குரோமிய வகைக்குக் கனடாவின் அளவு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். 5 மில்லிகிராமுக்குக் கீழே காண முடியாத சோதனையால் பயனில்லை. எனவே கண்டறியும் அளவையும் அறிக்கையில் குறிக்கச் சொல்ல வேண்டும்.

மிச்சம் இருந்தால்

கீரை, முள்ளங்கி, கேரட் போன்றவற்றை அந்த நிலத்தில் பயிரிடக் கூடாது. ஆடு மாடுகளை மேயவிடுவதும் குழந்தைகள் மண்ணில் விளையாடுவதும் ஆகாது. தடி மரங்கள் வளர்க்கலாம். ஈயம் உள்ள நிலத்தில் மண் புளித்துப்போகாமல் சுண்ணாம்பு இட்டுப் பார்த்துக்கொண்டால் ஈயம் பயிருக்குள் ஏறுவது குறையும். ஆனால் அது நிலத்தை விட்டுப் போகாது.

மாசுபட்ட இடங்களுக்கென்று மத்திய அரசு 2025-ல் தனி விதிகளை வெளியிட்டுள்ளது. சந்தேகமுள்ள நிலத்தைப் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். சுத்தம் செய்த அறிக்கையின் நகலையும், எந்த உபயோகத்துக்கான அளவு பின்பற்றப்பட்டது என்ற விவரத்தையும் கைக்கு வாங்கிய பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது. பரிசோதனைச் செலவு ஒரு முறைதான். நஞ்சேறிய நிலத்தை வாங்கிவிட்டால் கிணறும் விளைச்சலும் குடும்பத்தின் உடல்நலமும் சேர்ந்தே பாதிக்கப்படும்.