ஆணி இல்லாத கப்பல்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். போல்ட் முறுக்கினால்தான் எதுவும் நிற்கும் என்பது எங்கள் ஊரில் பாலபாடம். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த கப்பல்கள் கடல் கடந்து போயின என்று படித்ததிலிருந்து அந்த நினைப்பு என்னை விடவில்லை.

காவிரியைத் தாண்டினால் கரூர். அங்கே அமராவதிப் படுகையில் ரோமானியக் காசுகள் கிடைத்தன. சேலம் மாவட்டம் கோனேரிப்பட்டியிலும் கிடைத்தன. பழைய ஊரான கொடுமணலின் கல்மணிகள் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கரைத் துறைமுகமான முசிறிக்குப் போயின என்கிறார்கள் ஆய்வாளர்கள். காசும் மணியும் கைக்கு வந்துவிட்டன. கப்பல் எங்கே? வெப்பக்கடலில் மரத்தைப் புழு அரித்துவிடும். அந்த முசிறி என்று கருதப்படும், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007-ல் கிடைத்ததுகூட ஒரே மரத்தைக் குடைந்த 6 மீட்டர் ஓடம்தான்.

எகிப்தின் வறண்ட மணல் மரத்தைக் காப்பாற்றி வைத்தது. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஏழரை கிலோ மிளகோடு ஒரு ஜாடி கிடைத்தது. பழைய கட்டடங்களில் தேக்குக் கட்டைகளும் கிடைத்தன. தேக்கு அங்கே வளராது. உடைந்த கப்பலைப் பிரித்துக் கட்டடத்துக்குப் போட்டிருக்கிறார்கள்! வடக்கே, குசேர் அல் காதிமில், கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. அதே ஊரில், பல நூற்றாண்டு பிந்திய இஸ்லாமியர் கல்லறைகளை மூடக் கப்பலின் தைத்த பலகைகளைப் போட்டிருந்தார்கள். அவற்றின் விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளைகள்.

அந்தத் துளைகளே சாட்சி. இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, இணைப்பின்மேல் நார் வைத்து, துளைக்குத் துளை கயிறு கோத்து இறுக்குவார்கள். பிறகு துளையை அடைத்துப் பிசின் பூசுவார்கள். அலை அடிக்கும்போது விறைத்து நிற்காமல் வளைந்து கொடுப்பதுதான் இதன் பலம். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில், அலை கொந்தளிக்கும் கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை தைத்த மசூலாப் படகுகளே.

பெரும் பாரத்தையும் தையல் தாங்கும். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998-ல் கண்டுபிடித்த, 9-ம் நூற்றாண்டில் தைத்த கப்பலில் சுமார் 60,000 சீனப் பீங்கான்கள் இருந்தன. அதை மாதிரியாக வைத்து ஓமானில் தைத்த ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ 2010-ல் கொச்சி வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. 2025-ல் நம் கடற்படையும் அஜந்தா ஓவியத்தைப் பார்த்துத் தைத்த ‘கவுண்டின்யா’வைச் சேர்த்துக்கொண்டது.

அகழாய்வுக் குழி தோண்டுவதில் காட்டும் அக்கறையைப் படகு தைக்கிறவர்களிடமும் காட்ட வேண்டும் என்பேன். துளைக்கும் துளைக்கும் எவ்வளவு இடைவெளி, கயிற்றை எத்தனை பேர் இழுப்பது, எந்தப் பிசின் என்று கைவேலை தெரிந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். குசேர் பலகையை ஆராய்கிறவருக்கும் இதே கேள்விகள்தான்.