சங்கிலிக்கு இந்தப் பக்கம்

 

ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறையில் ஏறுவது பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு உயரம்?" என்றுதான். பதிலைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஆற்றங்கரையிலிருந்து உச்சிக்கு ஏற வேண்டியது 1,488 அடி. போக வர 5.4 மைல், ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம். தினமும் காலையில் நடக்கும் பழக்கம் உள்ளவர் மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுவார். அப்படியிருந்தும் 2000-க்குப் பிறகு மட்டும் பத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே விழுந்து இறந்திருக்கிறார்கள். ஆகவே உயரத்தைக் கேட்பதை விட, கடைசி அரை மைலில் பாதைக்கு இரு பக்கமும் என்ன இருக்கிறது என்று கேட்பது நல்லது. ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கல்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் ஸயான் தேசியப் பூங்கா இருக்கிறது. 1919-இல் தேசியப் பூங்கா ஆனது. லாஸ் வேகாஸிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்தான் என்பதால், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோர்களில் பலரும் வேகாஸ் வெளிச்சத்துக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் நடுவே இங்கேயும் ஒரு நாள் இறங்குகிறார்கள். வெர்ஜின் ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு. அதன் நடுவில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் பாறைதான் ஏஞ்சல்ஸ் லேண்டிங். ஆறு அதை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. 1916-இல் ஃபிரெடெரிக் வைனிங் ஃபிஷர் என்ற மெதடிஸ்ட் போதகர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, அங்கே தேவதூதர்கள்தான் இறங்க முடியும் என்று சொன்னாராம். பெயர் அப்படி வந்தது. பத்தே வருடத்தில், 1926-இல், மனிதர்கள் அதன் மேல் பாதை போட்டுவிட்டார்கள்.

பாறை ஏன் இப்படிச் செங்குத்தாக நிற்கிறது என்பது தெரிந்தால் கால் எங்கே வழுக்கும் என்பதும் தெரிந்துவிடும். இது நவாஹோ மணற்கல். 18, 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த பாலைவனத்தின் மணல்மேடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கல்லானவை. ஸயானில் இந்தக் கல்லின் கனம் மட்டும் 2,000 அடிக்கு மேல். போகும் வழியில் சுவரருகே நின்று பார்த்தால் சாய்வாக ஓடும் மெல்லிய வரிகள் தெரியும். ஒரு அடுக்கின் வரிகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதற்கு மேலுள்ள அடுக்கின் வரிகள் வேறு கோணத்தில் அதை வெட்டிக்கொண்டு போகும். அந்தக் காலக் காற்று மணலை எந்தப் பக்கம் தள்ளியது என்பதற்கு அதுவே சாட்சி. விரலால் அழுத்தித் தேய்த்தால் மணல் உதிரும். கல்லாகி இத்தனை கோடி வருடமானாலும் மணல் மணல்தான். உதிர்ந்த அந்த மணிகள் பாறையின் வழவழப்பான சரிவில் கிடக்கும்போது செருப்புக்கும் கல்லுக்கும் நடுவே உருளைகளாக வேலை செய்கின்றன. மேலே பலர் தடுமாறுவது செங்குத்தான இடத்தில் இல்லை, இப்படி மணல் தூவிய சாதாரணச் சரிவில்தான்.

மணற்கல்லுக்கு அடியில் கயென்டா என்ற மென்மையான படிவம் இருக்கிறது. ஆறு அதை அரித்து உள்வாங்க, மேலே தாங்கல் இழந்த மணற்கல் பாளம் பாளமாக நேர்கீழாக உடைந்து விழும். அதனால்தான் சுவர்கள் கத்தியால் வெட்டியது போல நிற்கின்றன. மணற்கல்லில் செங்குத்தான விரிசல்களும் உண்டு. தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி அறுக்க அறுக்க, இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய சுவர் மிஞ்சும். நாம் ஏறப்போவது அந்த மிச்சத்தின் முதுகில்.

இனி பாதை. பூங்காவின் பள்ளத்தாக்குச் சாலையில் வருடத்தின் பெரும்பகுதி தனியார் கார் போக முடியாது. 2000-இலிருந்து ஓடும் ஷட்டில் பஸ்ஸில் குரோட்டோ நிறுத்தத்தில் இறங்க வேண்டும். தண்ணீர்ப் புட்டிகளை அங்கேயே நிரப்பிவிடுங்கள். மேலே சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம். பெரும்பகுதி சிமென்ட் பூசிய பாதை, வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கோடையில் பள்ளத்தாக்கின் தரையில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம் என்பதால் விடியற்காலைப் பஸ்ஸைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். முதல் கட்ட வளைவுகள் முடிந்ததும் பாதை ரெஃப்ரிஜிரேட்டர் கேன்யன் என்ற குறுகலான இடுக்குக்குள் நுழையும். பெயருக்கேற்ற குளுமை. அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமான புள்ளி ஆந்தைகள் அங்கே வாழ்வதால் சத்தம் போடாமல் போகச் சொல்லியிருப்பார்கள். பாட்டுப் பெட்டியோடு வருகிறவர்களை நான் மன்னிப்பதே இல்லை.

இடுக்கு முடியும் இடத்தில் வால்டர்ஸ் விக்கிள்ஸ். அடுக்கி வைத்த 21 கொண்டை ஊசி வளைவுகள், பாறைச் சரிவில் கல் சுவர் கட்டி ஏற்றியவை. பூங்காவின் முதல் கண்காணிப்பாளராக இருந்த வால்டர் ரூஷ் திட்டமிட்டது, அவர் பெயரே நிலைத்துவிட்டது. மூச்சு முட்டும், ஆனால் பயம் வராது. ஓரத்தில் சுவர் இருக்கிறது, பாதை அகலம். இந்த 21 வளைவுகளைத் தாண்டியவர்கள் கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கால் வலியைக் கணக்கில் எடுத்தால் முடிந்துவிட்டதுதான்.

மேலே வந்ததும் அகலமான மணல் திட்டு. பெயர் ஸ்கவுட் லுக்அவுட். கீழே ஆறு வளைந்து போவது தெரியும். பள்ளத்தாக்கு முழுவதும் விரியும். கழிப்பறைகூட உண்டு. இதுவரை வர அனுமதிச் சீட்டு தேவையில்லை. இங்கிருந்து சங்கிலி ஆரம்பிக்கிறது.

"சங்கிலிதான் இருக்கிறதே, பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதானே?" என்பார்கள். பொறுங்கள். அந்தச் சங்கிலி வேலி இல்லை. பாறையில் துளையிட்டு நட்ட இரும்புக் கம்பங்களுக்கு இடையே தொங்கும் கைப்பிடி, அவ்வளவே. விளிம்புக்கும் உங்களுக்கும் நடுவே அது நிற்காது. எல்லா இடத்திலும் அது இருக்காது. இடுப்பில் கட்டும் கயிறு போல விழுந்தால் தாங்காது; நீங்கள் கையை விட்டால் அதுவும் உங்களை விட்டுவிடும். கோடை நடுப்பகலில் தொட முடியாமல் சுடும், குளிர்காலத்தில் பனி பூத்திருக்கும். இன்னொன்று, ஏறுகிறவருக்கும் இறங்குகிறவருக்கும் ஒரே சங்கிலிதான். எதிரில் ஆள் வந்தால் யாராவது ஒருவர் கையை எடுத்து, மற்றவரைச் சுற்றி, மறுபடி பிடிக்க வேண்டும். பாதை சில அடிதான் அகலம் உள்ள இடங்களில், ஆயிரம் அடி பள்ளத்துக்கு மேலே, முன்பின் தெரியாதவரோடு இந்த மாற்றம் நடக்கிறது. வழி விட நின்று, பாறை அகலமான இடம் வரும்வரை காத்திருப்பவர்தான் அங்கே நல்ல நடையாளர்.

உயரத்தில் ஏன் கால் நடுங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோழைத்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி இடைவெளி விட்டுச் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு அதற்குள் நடக்கச் சொன்னால் தூக்கத்திலும் நடப்பீர்கள். அதே மூன்றடியை மேலே கொண்டுபோய் வைத்தால் உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. நாம் நிற்கும்போதெல்லாம் உடம்பு லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சுவர், மரம், தரை ஆகியவை கண்ணில் நகர்வதை வைத்து மூளை அந்த ஆட்டத்தை உடனுக்குடன் திருத்துகிறது. பக்கத்தில் எதுவும் இல்லாமல், கண்ணுக்கு எட்டிய முதல் பொருளே ஆயிரம் அடி கீழே இருந்தால், உடம்பு ஆடினாலும் காட்சி நகர்வதில்லை. திருத்த ஆதாரம் இல்லாமல் ஆட்டம் கூடுகிறது. கூடுவது தெரிந்ததும் பயம், பயத்தில் தசைகள் இறுகுகின்றன, இறுகிய காலுக்கு மணல் தெரியாது.

வைத்தியம் எளியது. ஒரு கை தூரத்தில் இருக்கும் பாறையைப் பாருங்கள். அதன் வரிகளை, அதில் முளைத்திருக்கும் செடியை. கண்ணுக்கு மறுபடி பிடிமானம் கிடைக்கும். போதாவிட்டால் உட்காருங்கள், ஆட்டம் உடனே குறையும். உட்கார்ந்தபடி சுற்றிப் பாருங்கள், பிறகு எழுந்து நடங்கள். பார்ப்பதும் நடப்பதும் ஒரே நேரத்தில் வேண்டாம். போனை எடுப்பதும் அப்படியே.

கண்ணுக்குப் பிடிமானம் இல்லாத இடத்தில் கலிபோர்னியா காண்டார் கழுகு சிறகை விரித்துப் பக்கத்தில் மிதந்தால் நிலைமை இன்னும் மோசம். விரித்த சிறகின் அகலம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1982-இல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம் இருந்தன. கூண்டில் வளர்த்துப் பெருக்கி விடுவித்த வம்சத்தின் ஆயிரமாவது குஞ்சு 2019-இல் ஸயானின் பாறைச் சுவரில்தான் பொரிந்தது. அதைப் பார்க்க நேர்ந்தால் கண்டிப்பாக நின்று பாருங்கள். நின்று.

ஏறுவதை விட இறங்குவது கடினம் என்பதை ஸ்கவுட் லுக்அவுட்டிலேயே யோசிக்க வேண்டும். ஏறும்போது கண்ணுக்கு நேரே பாறை. இறங்கும்போது கண்ணுக்கு நேரே பள்ளம். உச்சியில் போட்டோ எடுத்து முடித்த திருப்தியில், களைத்த காலோடு, அதே மணல் சரிவுகளில் திரும்ப வேண்டும். செங்குத்தான படிகளில் பாறையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவது மாதிரிப் பின்பக்கமாக இறங்குகிறவரைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். சரியாக இறங்குகிறவர் அவர்தான். ஆகவே சங்கிலியைத் தொடும் முன் "என்னால் மேலே போக முடியுமா" என்று கேட்டுக்கொள்வதால் பயனில்லை. முதல் இருபது அடி ஏறுங்கள், அப்படியே திரும்பி இறங்கிப் பாருங்கள். அந்த இறக்கத்தில் கால் என்ன சொல்கிறதோ அதுதான் பதில்.

என் அபிப்பிராயத்தையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். சின்னக் குழந்தைகளை சங்கிலிக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போகக் கூடாது. முதுகில் சுமந்தும் கூடாது. மழை பெய்து ஈரமாக இருந்தால் யாருமே போகக் கூடாது. ஈர மணற்கல் வழுக்கும், வலுவும் குறையும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வரும் பருவம். மேலே நிற்கும்போது மின்னலுக்கு ஒதுங்க இடம் கிடையாது, கையில் இருப்பதோ இரும்புச் சங்கிலி. கூட வந்தவர்கள் போகிறார்களே என்பதற்காகப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசமான காரணம். அப்பா கீழே திட்டில் உட்கார்ந்திருக்க, மகன் மேலே போய் வருவதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை. பள்ளத்தாக்கின் அழகில் பெரும்பங்கு அந்தத் திட்டிலேயே கிடைத்துவிடுகிறது. உச்சியில் கூடுதலாகக் கிடைப்பது, எதிரே கிரேட் வைட் த்ரோன் என்ற வெள்ளைப் பாறையை முழுசாகப் பார்ப்பதும், ஆற்றின் பெரிய வளைவு காலடியில் இருப்பதும்.

அனுமதிச் சீட்டு விஷயம். 2021-இல் ஸயானுக்கு வந்தவர்கள் ஐம்பது லட்சத்தைத் தாண்டினார்கள், சங்கிலியில் வரிசை நின்றது. அதனால் 2022 ஏப்ரல் 1 முதல் ஸ்கவுட் லுக்அவுட்டைத் தாண்ட சீட்டு கட்டாயம். குலுக்கல் முறை. சில மாதங்களுக்கு முன்பே பருவக் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம், அல்லது முந்தின நாள் குலுக்கலில் முயலலாம். விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தால் தலைக்கு 3 டாலர் என்று ஆரம்பித்தார்கள். போகும் முன் இப்போதைய விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் போய்க் கெஞ்சிப் பயனில்லை, மேலே ரேஞ்சர் நின்று சோதிப்பார்.

குலுக்கலில் விழவில்லையா, அல்லது விளிம்பு ஒத்துவராதா? அப்சர்வேஷன் பாயின்ட் போங்கள். கடல் மட்டத்திலிருந்து 6,507 அடி உயரம். ஏஞ்சல்ஸ் லேண்டிங் 5,790 அடிதான். பள்ளத்தாக்கிலிருந்து அங்கே ஏறும் பழைய பாதை 2019 ஆகஸ்டில் வீப்பிங் ராக் அருகே பெரிய பாறை சரிந்ததில் அடைபட்டது. அதன் பிறகு மக்கள் பூங்காவின் கிழக்குப் பக்கம் மலைமேட்டுக்குக் காரில் போய், ஈஸ்ட் மீசா பாதையில் பைன் மரங்களுக்கு நடுவே நடக்கிறார்கள். போக வர ஏழு மைல், பெரும்பாலும் சமதரை, சங்கிலி இல்லை, சீட்டு இல்லை. கடைசித் துண்டு மண் சாலை மழையில் சேறாகிவிடும், சின்னக் காரில் போனால் மாட்டிக்கொள்வீர்கள். விளிம்பிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து குனிந்து பார்த்தால் ஏஞ்சல்ஸ் லேண்டிங் உங்களுக்குக் கீழே கிடக்கும். கைத் தொலைநோக்கி இருந்தால், சங்கிலியில் யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே சப்பாத்தி ரோலைப் பிரிக்கலாம்.